கடைசி வரிசை வியோலா

"நடுவுல நீங்க நிறுத்தினீங்களே, அது மத்தவங்களுக்கெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?"

வேப்பேரியில் ஒரு பள்ளி விழாவில், நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று இப்படிக் கேட்டாள். மேடையில் சிறப்பு விருந்தினராக இருந்த சாராள் தனசிங் சிரித்தபடி மைக்கைக் கையில் எடுத்தார்.

சற்று முன்புதான் அவருடைய பழைய பதிவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். ஒரு பியானோவும் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசிக்கொள்வது போன்ற இசை அது. கன்செர்ட்டோ என்பார்கள். சாராளுக்கு இருபத்து மூன்று வயதாக இருக்கும்போது சென்னையில் பதிவானது. அதன் இரண்டாம் பகுதியில் பியானோ படியேறுவதுபோல் சுரம் சுரமாக மேலே போகும். உச்சிக்கு ஒரு படி இருக்கும்போது நின்றுவிடும். அடியில் தந்தி வாத்தியங்கள் மட்டும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பிறகு அந்தக் கடைசிச் சுரம் வந்து விழும்போது, கல்நெஞ்சுக்காரனுக்கும் கண் கலங்கும்.

இசையை எழுதியவர் அந்த இடத்தில் நிறுத்தம் எதுவும் எழுதவில்லை. விமர்சகர்கள் அதற்கு 'சாராளின் மௌனம்' என்று பேர் வைத்தார்கள். எந்தெந்த நாட்டிலோ பியானோ பழகும் பிள்ளைகள் அந்த மௌனத்தையும் சேர்த்துப் பழகினார்கள்.

உண்மை சாராளுக்குத் தெரியும். அந்த இடத்தில் அவருக்கு மறந்துபோய்விட்டது. அவ்வளவுதான். கண்முன்னே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் நின்றன; எதைத் தொடுவது என்று தெரியவில்லை. "கர்த்தாவே" என்று உள்ளுக்குள் கூப்பிட்டார். கூப்பிட்ட மறுகணம், காதுக்குள் யாரோ சொன்னதுபோல் அந்தச் சுரம் மெல்லக் கேட்டது. விரல் தானாகப் போய் அதைத் தொட்டது. இதை அவர் கோவிலில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் அல்லேலூயா சொன்னார்கள். ஆனால் தேவன் அவருக்குச் சொன்னார் என்றே வைத்துக்கொண்டாலும், நிறுத்தத்தை அறியாத அத்தனை வாத்தியக்காரர்களுக்கும் காத்திருக்கும்படி சொன்னது யார்? இத்தனை வருஷத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை.

சிறுமி பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.

"தெரியலையேம்மா," என்றார் சாராள். "கண்டுபிடிச்சு வந்து சொல்றேன்."

*

கண்டுபிடிக்க வழியும் வந்தது. அந்தப் பதிவை 'எழுப்பி' இருப்பதாகவும், சாராள் வந்து வாசித்துப் பார்த்துச் சம்மதம் தர வேண்டும் என்றும் கிண்டியிலுள்ள ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். எழுப்பிய பதிவைக் கடைக்குக் கொண்டுவர முதலில் வாசித்தவரின் சம்மதம் வேண்டும் என்பது அப்போது சட்டம்.

பொறியாளர் ஷமீமா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனாள். பெரிய மரக்கூடம். நடுவில் பியானோ. அதைச் சுற்றி அரைவட்டமாக, ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கித் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் நெல்மணி அளவுக்கு ஒரு விளக்கு.

"ஒவ்வொரு தூணும் ஒரு ஆள் மேடம்," என்றாள் ஷமீமா. "முதல்ல பழைய டேப்புல இருந்து ஒவ்வொருத்தர் சத்தத்தையும் தனித்தனியாப் பிரிச்சோம். அது எல்லாரும் பண்றதுதான். ஆனா இது வெறும் சத்தம் இல்ல. இவங்க கேப்பாங்க."

"கேப்பாங்கன்னா?"

"நீங்க வேகமாப் போனா கூட வருவாங்க. மெதுவாப் போனா காத்திருப்பாங்க. ஸ்டுடியோ குடோன்ல உங்க ஒத்திகை டேப் முழுக்கக் கிடைச்சுது. யார் எப்போ யாரைக் கவனிக்கிறாங்க, எதுக்கு எப்படித் திரும்புறாங்கன்னு மெஷின் அதுல இருந்து கத்துக்கிச்சு. வீட்டுக்காரர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே என்ன சொல்லப்போறாருன்னு நமக்குத் தெரியும்ல? அந்த மாதிரிதான்."

"என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் வாயே திறக்கலம்மா. அப்பவும் தெரியும்," என்றார் சாராள். இருவரும் சிரித்தார்கள்.

"கையசைச்சு எல்லாரையும் நடத்துவாரே, கண்டக்டர், அவர் எங்கே நிக்கிறார்?"

"அவர் மட்டும் வரல மேடம். அவர் கையை ஆட்டினாரே தவிர சத்தமே போடலையே. டேப்புல இல்லாத ஆளை மெஷின் எங்கே போய்த் தேடும்?"

சாராள் பியானோ முன் உட்கார்ந்தார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. முதல் பகுதியின் ஓட்டமெல்லாம் இனி அவரால் ஆகாது. இரண்டாம் பகுதி மெதுவானது. அதை மட்டும் வாசிப்பதாக ஏற்பாடு.

கைகளை உயர்த்தினார். அந்தக் கணத்தில் கூடம் முழுவதும் ஒரு மூச்சு இழுபட்டது.

சாராளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாசிக்கத் தொடங்குமுன் வாத்தியக்காரர்கள் சேர்ந்து எடுக்கும் மூச்சு அது. இடதுபக்கம் முதல் வயலின்கள், வலப்பக்கம் செல்லோக்கள், பின்னால், ராணுவ பேண்டிலிருந்து வந்திருந்த ஹார்ன்காரரின் கனத்த மூச்சு. ஒருவர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். மரம் கிரீச்சிட்டது. அவர்களில் அநேகர் இன்று மண்ணுக்குள் இருக்கிறார்கள். ஆனாலும் அத்தனை பேரும், அவர் விரல் விழுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

'இந்த எலும்புகள் உயிரடையுமா' என்ற வேதவசனம் அவர் மனதில் ஓடியது. முதல் சுரத்தைத் தொட்டார்.

அவர்கள் வந்தார்கள். அவர் தயங்கினால் தயங்கினார்கள்; சாய்ந்தால் தாங்கினார்கள். கிழவியாகிப்போன கைக்கு இசைந்து, நடை பழகும் குழந்தையை நடத்திப்போவதுபோல் கூட்டிப்போனார்கள். படியேறும் இடம் வந்தது. உச்சிக்கு ஒரு படி முன்னால் சாராள் நிறுத்தினார். ஆர்கெஸ்ட்ராவும் நின்று காத்திருந்தது. கடைசிச் சுரத்தைத் தொட்டார். அது அடங்கி வயலின்களும், வயலினைவிடச் சற்றுப் பெரிதான வியோலாக்களும் தொடரும் இடத்தில், பின்னாலிருந்து ஒரு வியோலா மட்டும் ஒரு மாத்திரை பிந்தி, பிசகான சுரத்தில் புகுந்தது. விருந்துச் சோற்றில் கல் கடிபட்டதுபோல் இருந்தது.

"அதான் மேடம் அந்தக் கறை!" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிறுவன மேலாளர் கிரிதரன் குரல் கொடுத்தார். பிறகு தாமே உள்ளே வந்தார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். "ஒரிஜினல் ரெக்கார்டுலயே இருக்கு. எல்லா விமர்சனத்துலயும் எழுதியிருக்காங்க, 'ஒரு வியோலாக்காரரின் கவனக்குறைவு'ன்னு. யார் வந்து வாசிச்சாலும் அந்த இடத்துல ஆர்கெஸ்ட்ரா மெதுவாகுது, அந்த ஆள் தப்பா வர்றார். உங்க மௌனம் இருக்கட்டும், அது பேர் வாங்கினது. அந்த ஆளை மட்டும் சரி பண்ணிடறோம். நீங்க சரின்னா போதும்."

சாராள் சரியென்று சொல்லியிருப்பார். அந்தச் சிறுமியின் முகம் நினைவுக்கு வந்தது.

"நான் நிறுத்தின இடத்துல எல்லாரும் எப்படிம்மா நின்னாங்க?" என்று ஷமீமாவைக் கேட்டார். "இங்கதான் கண்டக்டரே இல்லையே. யாராவது ஒருத்தர் முதல்ல நின்னிருக்கணும்ல?"

*

ஷமீமா அந்த இடத்தைத் திரும்பப் போட்டாள். இந்தமுறை சாராள் வாசிக்கவில்லை. பழைய பதிவே ஓடியது. ஷமீமா ஒவ்வொரு தூணாக அணைத்துக்கொண்டே வந்தாள். ஹார்ன் போயிற்று. கிளாரினெட் போயிற்று. வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கோவிலில் விளக்குகளை அணைத்துக்கொண்டே வந்து, ஒரே ஒரு விளக்கை விட்டுவைத்ததுபோல் கடைசி வரிசையில் ஒரு தூண் மிஞ்சியது. வியோலா.

"இவர்தான் முதல்ல காத்திருக்கார். பக்கத்துல இருக்கிறவங்க இவரைப் பார்த்து நிக்கிறாங்க, அவங்களைப் பார்த்து மத்தவங்க," என்றாள். "கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுது. இப்ப நல்லாக் கேளுங்க மேடம்."

அந்த ஒரு வியோலா சுருதியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வில் நுனிவரை வந்ததும் ஓசையில்லாமல் அதைத் திருப்பி மறுபடி பிடித்தது. அப்போது, வில் ஒரு தந்தியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடக்கை விரல் இன்னொரு தந்தியை மெல்லச் சுண்டியது.

ஒரே ஒரு சுரம். பூ விழும் ஓசை.

சாராள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்தச் சுரம் அவருக்குத் தெரியும். அதைத்தான் தேவனின் குரல் என்று இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருந்தார்.

அதை அடுத்து, அந்த வியோலா தடுமாறியது. சாராளுக்கு வழிகாட்டப் போனவர் தமது தாள எண்ணிக்கையை விட்டுவிட்டார். எங்கே புகுவது என்று தெரியாமல், பிந்திப் புகுந்தார். அதுதான் கறை.

"மௌனமும் கறையும் ஒரே ஆளோட வேலையா?" என்றார் கிரிதரன். குரலில் அவசரம் போயிருந்தது. "ஆனா எதுக்கு? ஆர்கெஸ்ட்ராக்காரர் அடுத்தவர் சுரத்தைத் தொடறது பெரிய குத்தமாச்சே."

"இவங்கெல்லாம் சினிமா ஆளுங்க," என்றார் சாராள். "கோடம்பாக்கத்துல நாள்பூரா பாட்டு ரெக்கார்டிங் முடிச்சிட்டு எங்ககிட்ட வந்தவங்க. அப்பல்லாம் பாடறவங்களும் வாத்தியமும் ஒண்ணா நின்னு ஒரே டேக்ல பதிவு பண்ணணும். ஒருத்தர் தப்பினா எல்லாரும் மறுபடி முதல்ல இருந்து. அதனால பாடறவங்க தடுக்குனா பக்கத்துல இருக்கிற வாத்தியம் சத்தமில்லாம எடுத்துக் கொடுத்திடும். அது அவங்களுக்குக் கையோட ஊறின பழக்கம். யோசிச்சுச் செய்யறது இல்ல."

ஒத்திகை டேப்போடு, அந்த டேக் முடிந்த பிறகு நடந்த பேச்சும் இருந்தது. ஷமீமா கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் போட்டாள்.

வெளிநாட்டுக் கண்டக்டரின் குரல் ஆங்கிலத்தில் இடியாக விழுந்தது. கடைசி வரிசை வியோலா இனி வர வேண்டாம். தூங்குவதற்கு வீடு இருக்கிறது. நாற்காலி நகர்ந்தது. பெட்டிக்குள் வாத்தியத்தை வைத்து மூடும் ஓசை. ஒரு தணிந்த குரல், "விடு தணிகாசலம், வா, டீ குடிப்போம்," என்றது. இன்னொரு குரல் பதில் சொன்னது: "எண்ணிக்கை விட்டுட்டேண்ணே."

அத்தனைக்கும் நடுவில், கூடத்தின் மறுகோடியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ அவள் கையைக் குலுக்கி, அந்த இடத்தில் நிறுத்தினாயே, அற்புதம் என்று பாராட்டிக்கொண்டிருந்தார்கள். இளமையான, கள்ளமற்ற சிரிப்பு.

"நான்தான்," என்றார் சாராள்.

*

ஷமீமா இரண்டு நாள் அலைந்து விசாரித்துவிட்டு, வேப்பேரியில் சாராளின் வீட்டுக்கு வந்தாள். சாராள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"தணிகாசலம் காலமாகிட்டார் மேடம். சம்சாரம் அவருக்கும் முன்னாடியே. பிள்ளைங்க இல்ல. அந்த ரெக்கார்டுக்கு அப்புறம் பெரிய இடத்துல யாரும் கூப்பிடல போல. கல்யாண வரவேற்புக் கச்சேரியில வாசிச்சிருக்கார். கூட வாசிச்ச ஒருத்தர் சூளைமேட்டுல இருக்கார், அவரைப் பார்த்தேன். 'அன்னிக்கு என்னய்யா ஆச்சு'ன்னு கேக்கும்போதெல்லாம், எண்ணிக்கை விட்டுட்டேன்னு மட்டும்தான் சொல்வாராம். வேற ஒண்ணும் சொன்னதே இல்லையாம்."

உண்மையில் மௌனமாக இருந்தவர் யார் என்பது சாராளுக்குப் புரிந்தது.

"கோவில்ல எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் ஷமீமா, கர்த்தர் சுரம் கொடுத்தார்னு. எல்லாம் பொய்யாப் போச்சே."

ஷமீமா காப்பியை ஆற்றினாள். "பொய்யின்னு எனக்குத் தோணல மேடம். எங்க வீட்டுல அம்மா சொல்றது ஒண்ணு: அல்லாஹ் கொடுக்கிறது எதுவும் ஆகாசத்துல இருந்து தொப்புன்னு விழாது, யார் கையிலயாவது கொடுத்துத்தான் அனுப்புவான். நாம வாங்கிக்கும்போது அந்தக் கையைப் பாக்கிறதில்ல, அவ்ளோதான்."

சாராள் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அழுதார். துக்கம் பாதி, நிம்மதி பாதி.

மறுநாள் கிரிதரனிடம் போய், எதையும் மாற்ற வேண்டாம் என்றார்.

கிரிதரன் தலையைச் சொறிந்தார். "நல்லா யோசிச்சீங்களா மேடம்? கறையை மட்டும் தனியா எடுக்க முடியாதுன்னு ஷமீமா சொல்றா. அந்த ஆளோட காதை அடைச்சாத்தான் சரியாகும். பியானோவை அவர் கேக்காத மாதிரி."

"அப்ப அந்தச் சுரமும் போயிடும்."

"போயிடும். ஆனா விட்டுவெச்சோம்னா, வாங்கறவங்க எல்லாரும் தூணைத் தனியாப் பிரிச்சுக் கேக்கலாம். ஒரு மாசத்துல உலகத்துக்கே தெரிஞ்சிடும், உங்க மௌனம் வெறும் மறதின்னு. பாடப்புத்தகத்துல இருக்கிற பேரு மேடம். போயிடும்."

எழுபது வயதில் சாராளுக்குப் பேரைத் தவிர வேறென்ன மிச்சம்? பிள்ளைகள் தூரதேசத்தில், கணவர் கல்லறையில், விரல்கள் மடங்குவதில்லை. அந்த ஒரு மௌனத்தை வைத்துத்தான் ஊர் அவரை இன்னும் மேடையில் உட்கார வைக்கிறது. ஒருவர் செய்த நன்மை ஓசையாகி, யாரும் அறியாமல் நாடாவில் ஒட்டிக்கொண்டு, செய்தவர் போன பிறகும் உயிரோடு கிடக்கிறது. அதைத் தம் கையால் எப்படி அணைப்பது?

"போகட்டும் தம்பி," என்றார். "அவர் காதை அடைக்க வேண்டாம். இனிமே யார் யாரோ அங்க உக்காந்து வாசிக்கப் போறாங்க. அதுல ஒருத்தருக்காவது மறக்கும். அப்ப எடுத்துக் கொடுக்க ஆள் வேணும்ல?"

கிரிதரன் "சரிங்கம்மா," என்றார். மேடம் என்று அவர் அப்புறம் சொல்லவில்லை.

*

கிளம்புமுன் சாராள் ஒன்று கேட்டார். கூடத்தில் கொஞ்ச நேரம் தனியாக வாசிக்க வேண்டும். பதிவாகக் கூடாது, மெஷின் எதையும் நினைவில் வைக்கவும் கூடாது.

"வெச்சுக்காது. அணைச்சதும் பழைய மாதிரி ஆயிடும்," என்று ஷமீமா பொத்தானைக் காட்டினாள். எதற்கென்று கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் கீழே போய்விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலிகள் காலியாக இருந்தன.

சாராள் ஜெபித்துவிட்டுக் கைகளை உயர்த்தினார். கூடம் மூச்சிழுத்தது.

படியேறினார். உச்சிக்கு ஒரு படி முன்னால் நின்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு விரல் தந்தியைச் சுண்டியது. "நன்றி ஐயா," என்று உதட்டுக்குள் சொல்லிவிட்டு, சாராள் அந்தச் சுரத்தைத் தொட்டார்.

தொட்ட கை இருக்க, இடதுகை கீழே போனது. வியோலாக்கள் புகவேண்டிய இடம் நெருங்கிக்கொண்டிருந்தது. தணிகாசலம் எண்ணிக்கையை விட்டிருப்பார். இசை ஏட்டில் கண் அலைந்துகொண்டிருக்கும். வியோலாக்களின் முதல் சுரம் பியானோவுக்கு எழுதப்பட்டதல்ல. எந்த ஆசிரியரும் அதைத் தவறு என்றே அடிக்கோடு இடுவார். சாராள் அதை, வீங்கிய சுண்டுவிரலால், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு மாத்திரை முன்னதாகத் தொட்டு வைத்தார்.

கடைசித் தூண் தயங்கியது. பிறகு மற்ற வியோலாக்களோடு தோளோடு தோளாக, சரியான இடத்தில், சரியான சுரத்தில் புகுந்தது. அந்த வாத்தியத்துக்குள் இவ்வளவு இனிமை இருந்தது உலகத்துக்குத் தெரியாது. கறை இருந்த இடத்தில் ஒரு தழும்பும் இல்லாமல் இசை ஆறாக நடந்தது. சாராள் கண்ணீரைத் துடைக்கக் கையை எடுக்கவில்லை. அவர்களைக் கடைசிச் சுரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஓசை அடங்கியது. யாரும் கத்தவில்லை. யாரும் பெட்டியை மூடவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த மூச்சு முழுவதும் அடங்கும் வரை சாராள் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தினார். பியானோவை மூடி, கைப்பையை எடுத்துக்கொண்டு, படியிறங்கினார்.

கீழே சாப்பாட்டு மேசையில் ஷமீமா, "என்ன வாசிச்சீங்கம்மா?" என்று கேட்டாள்.

"சும்மாதான்," என்றார் சாராள். "கொஞ்சம் ரசம் ஊத்தும்மா."